அணுவை நிறுக்க எலக்ட்ரானை எந்த வழியில் பறிப்பது?

1914-ல் தியோடர் ரிச்சர்ட்ஸ் இரண்டு வகை ஈயத்தை எடைபோட்டுப் பார்த்தார். ஒன்று சாதாரண ஈயம், மற்றொன்று யுரேனியத் தாதுவிலிருந்து பிரித்தது. இரண்டையும் சுத்தமான குளோரைடாக்கி, அதிலுள்ள குளோரின் முழுவதையும் பிடிக்க எவ்வளவு வெள்ளி தேவைப்படுகிறது என்று தராசில் நிறுத்தார். வேதியியல் குணத்தில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை. அணு நிறை மட்டும் ஒத்துவரவில்லை. சாதாரண ஈயம் 207.2-க்குப் பக்கத்தில் நிற்க, தாது ஈயம் அதைவிடத் தெளிவாகக் குறைந்து வந்தது. அணு நிறைகளைத் துல்லியமாக அளந்ததற்காக அந்த ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது.

தராசு சொன்னது அவ்வளவுதான். ஏன் குறைகிறது, எந்த அணு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. தராசில் ஏறுவது கோடானுகோடி அணுக்கள் சேர்ந்த கும்பல், கிடைப்பது சராசரி. குளோரினுக்கு அட்டவணையில் 35.45 என்று போட்டிருக்கிறதே, அந்த நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூட எங்கும் கிடையாது. இருப்பது 34.969 ஒன்று, 36.966 இன்னொன்று. முன்னது நூற்றுக்கு 76 பங்கு, பின்னது 24. இந்தக் கலவையின் சராசரியைத்தான் பள்ளியிலிருந்தே "குளோரினின் அணு நிறை" என்று படித்து வந்திருக்கிறோம்.

அணுக்களை இனம் பிரித்து நிறுக்க வேண்டுமென்றால், நடைமுறையில் அவற்றுக்கு மின்சுமை ஏற்றியே ஆக வேண்டும். நடுநிலையில் இருக்கும் அணுவை மின்புலத்தால் பிடித்து இழுக்க முடியாது. ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிட்டால் கதை மாறுகிறது, அணு மின்சுமை ஏறிய அயனியாகிவிடும். ஈயம்-208 அயனியை (208 என்பது அந்த வகை அணுவின் தோராய நிறை) 8,000 வோல்ட்டில் முடுக்கி 0.7 டெஸ்லா காந்தப்புலத்துக்குள் விட்டால், அது சுமார் 26.5 செ.மீ. ஆரத்தில் வளைந்து போகும். ஈயம்-206 இன்னும் கொஞ்சம் இறுக்கமாக வளையும். அரை வட்டம் முடிகிற இடத்தில் இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. பள்ளிக்கூட அளவுகோலால் அளந்துவிடக்கூடிய தூரம்.

"எலக்ட்ரானைப் பறித்துவிட்டால்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்த வேலைக்குப் பல வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனிக் குணம், தனித் தொல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? எந்த முறையில் அயனி அதிகம் கிடைக்கும் என்று பார்த்துத்தான் வழக்கமாக ஒப்பிடுவார்கள். என் கணக்கு வேறு. நீங்கள் தேடும் அணுவோடு சேர்ந்து வேறு யார் அயனியாகி, அதே இடத்தில் வந்து நிற்பார்கள்? முதலில் கேட்க வேண்டியது இதுதான். அயனி குறைவாக வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து எண்ணலாம். தவறான ஆள் வந்து நின்றால் எவ்வளவு நேரம் எண்ணினாலும் தவறான விடைதான் வரும்.

பறிபோன எலக்ட்ரானின் கணக்கு

வழிகளுக்குள் போகும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். அயனியை நிறுத்துவிட்டு அதை அணுவின் நிறை என்று சொல்லலாமா? எலக்ட்ரானுக்கும் நிறை உண்டே.

உண்டு, 0.00054858 அணு நிறை அலகு. கார்பன்-12 அணுவை, அதன் ஆறு எலக்ட்ரான்களோடு சேர்த்து, சரியாக 12 என்று வைத்துக்கொண்ட அளவு இது. ஹைட்ரஜன் அணு 1.007825. அதன் ஒரே எலக்ட்ரானைப் பறித்தால் மிஞ்சுவது 1.007276, அதாவது வெறும் புரோட்டான். இங்கே வித்தியாசம் பத்தாயிரத்தில் ஐந்துக்கு மேல், விட்டுவிட முடியாது. ஈயம்-208-ல் அதே ஒற்றை எலக்ட்ரான் பத்து லட்சத்தில் மூன்று பங்குகூட இல்லை. எப்படியிருந்தாலும் பறித்த எலக்ட்ரானின் நிறையைத் திரும்பக் கூட்டிவிட்டால் கணக்கு முடிந்தது.

ரொம்ப நுணுக்கமாகப் போனால் இன்னொரு திருத்தமும் இருக்கிறது. எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருந்த பிணைப்பு ஆற்றலுக்கும் நிறை உண்டு. கார்பனின் ஆறு எலக்ட்ரான்களையும் உரித்தெடுக்க மொத்தம் சுமார் 1,030 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) செலவாகும். நிறையாக மாற்றினால் ஓர் அலகில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பெரும்பாலான வேலைகளுக்கு இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். எப்போது கவலைப்பட வேண்டும் என்று கடைசியில் வருகிறேன்.

இன்னொன்று. "அணு நிறையை அளக்க வேண்டும்" என்பதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஐசோடோப்பின், அதாவது ஒரே தனிமத்தில் நிறை வேறுபட்ட அணு வகையின், நிறை எவ்வளவு? கையிலிருக்கும் பொருளில் எந்த ஐசோடோப்பு எத்தனை பங்கு? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே மிக நுணுக்கமான விடை இருக்கிறது. அட்டவணையில் வரும் தடுமாற்றமெல்லாம் இரண்டாவதால்தான். புளூரினுக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்புதான், அதனால் அதன் அணு நிறை 18.998403162 என்று ஒன்பது தசம இடம் வரை நீள்கிறது. ஈயத்துக்கு நான்கு. தாதுவுக்குத் தாது கலவை மாறுவதால், இப்போது ஈயத்துக்கு ஒற்றை எண்ணே கிடையாது. 206.14 முதல் 207.94 வரை என்று ஓர் இடைவெளியாகத்தான் கொடுக்கிறார்கள். ரிச்சர்ட்ஸின் தராசு காட்டியது இதைத்தான்.

அணு எலக்ட்ரானை எவ்வளவு எளிதில் விடும்?

எந்த வழியானாலும், எலக்ட்ரானை விட அணு எவ்வளவு ஆற்றலை விலையாகக் கேட்கும் என்று தெரியாமல் முடிவெடுக்க முடியாது. சீசியம் தன் வெளி எலக்ட்ரானை 3.89 எலக்ட்ரான் வோல்ட்டுக்கே விட்டுவிடும். சோடியம் 5.14, ஸ்ட்ரான்சியம் 5.69, ஈயம் 7.42, ஆர்கான் 15.76. ஹீலியம்தான் மகா கஞ்சன், 24.59 கேட்கும்.

இரண்டாவது எலக்ட்ரானின் விலையும் முக்கியம். சோடியத்திடம் இரண்டாவதைக் கேட்டால் விலை 5-லிருந்து 47-க்குத் தாவுகிறது, ஏனென்றால் அடுத்த எலக்ட்ரான் நிரம்பிய உள்கூட்டில் இருக்கிறது. பேரியத்துக்கு அப்படியில்லை: முதலாவது 5.21, இரண்டாவது 10.00. கொஞ்சம் அழுத்தினால் பேரியம் இரண்டையும் கொடுத்துவிடும். இந்தத் தாராளம் பின்னால் ஒரு தொல்லையாக வந்து நிற்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானால் அடித்து எலக்ட்ரானைத் தெறிக்கவிடுவது

1918-ல் ஆர்தர் டெம்ஸ்டர் செய்து காட்டிய வழியின் தொடர்ச்சி இது. சூடான இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை முடுக்கி, வாயுவுக்குள் பாய்ச்சுகிறோம். அடிபட்ட அணு தன் எலக்ட்ரான் ஒன்றை இழந்து நேர் அயனியாகிறது. வழக்கமாக 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அடிப்பார்கள்.

வாயுவாக இருந்தால் இதைவிட எளிய வழி கிடையாது. ஹீலியம், நியான், ஆர்கான் போன்ற மந்த வாயுக்கள் சூடான உலோகப் பரப்பைப் பார்த்தெல்லாம் எலக்ட்ரானை விடாது, அவற்றை அடித்துத்தான் வாங்க வேண்டும். கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன் ஐசோடோப்பு விகிதங்களையும் கார்பன் டைஆக்சைடாகவோ நைட்ரஜன் வாயுவாகவோ மாற்றி இப்படித்தான் அளக்கிறார்கள். பெரும்பாலான அணுக்கள் அடிபடாமலேயே தப்பித்துவிடும் என்பது குறைதான். வாயு தாராளமாக இருக்கும்போது அது பெரிய விஷயமில்லை.

நியானைப் பார்த்தால் இந்த முறையின் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில் தெரியும். ஜே.ஜே. தாம்சன் 1912, 13 வாக்கில் நியானில் 20, 22 என்று இரண்டு தடங்களைக் கண்டார். நிலையான தனிமத்துக்கும் ஐசோடோப்புகள் உண்டு என்பதற்கு அதுதான் முதல் தடயம். இன்றைக்கும் நியான்-20-ஐ அளப்பவருக்கு ஒரு தலைவலி இருக்கிறது. கருவிக்குள் எப்போதும் கொஞ்சம் ஆர்கான் ஒட்டிக்கொண்டிருக்கும். 70 எலக்ட்ரான் வோல்ட்டில் அடித்தால் ஆர்கான்-40 சில நேரம் இரண்டு எலக்ட்ரான்களை ஒருசேர இழக்கும். காந்தப்புலம் பார்ப்பது நிறையை மட்டும் அல்ல, நிறையைச் சுமையால் வகுத்த எண்ணை. 40-ஐ 2-ஆல் வகுத்தால் 20. ஆக, ஆர்கான் நியானின் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நியான்-22-க்கும் இதே கதி: கார்பன் டைஆக்சைடு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களை இழந்தால் 44 பாதியாகி 22-ல் வந்து நிற்கும்.

கருவி நன்றாகப் பிரிக்கக்கூடியதாக இருந்தால் 19.981-ல் நிற்கும் ஆர்கானையும் 19.992-ல் நிற்கும் நியானையும் தனித்தனியே பார்க்கலாம். அது இல்லாதவருக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். ஆர்கானின் இரண்டு எலக்ட்ரான்களையும் எடுக்க மொத்தம் 43.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். நியானின் ஒன்றை எடுக்க 21.6 போதும். அடிக்கும் ஆற்றலை 70-லிருந்து 40-க்குக் குறைத்துவிட்டால், ஆர்கானால் இரட்டைச் சுமை வாங்கவே முடியாது! நியான் அயனியும் குறையும்தான். ஆனாலும் வேற்றாள் உள்ளே வருவதைவிட நம் ஆள் கொஞ்சம் குறைவாக வருவது மேல்.

சூடான இழையில் தானாக உதிரவிடுவது

ரீனியம் 3,186 டிகிரி செல்சியஸ் வரை உருகாத உலோகம். அதில் மெல்லிய நாடா செய்து, அதன் மேல் ஒரு சொட்டு உப்புக் கரைசலை உலர்த்தி, வெற்றிடத்தில் வைத்து மின்சாரம் செலுத்திச் சூடாக்குகிறார்கள். ஆவியாகிக் கிளம்பும் அணுக்களில் சில, உலோகப் பரப்பிடம் தங்கள் எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகப் போகின்றன. ஆய்வகத்தில் சுருக்கமாக "டிம்ஸ்" என்பார்கள்.

யார் அயனியாவார்கள் என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. அணு தன் எலக்ட்ரானுக்குக் கேட்கும் விலை ஒன்று, உலோகப் பரப்பு ஓர் எலக்ட்ரானுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை மற்றொன்று. ரீனியத்துக்கு இரண்டாவது எண் 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகில். சீசியம் கேட்பது 3.89 என்பதால் அனேகமாக எல்லாமே அயனியாகிவிடும். ஸ்ட்ரான்சியம் 5.69 கேட்கிறது, கொஞ்சம் துண்டு விழுகிறது, நூற்றில் ஒன்றிரண்டு தேறும். ஈயம் 7.42, இந்தக் கணக்குப்படி ஒன்றுமே தேறக் கூடாது. ஆனால் சிலிக்கா ஜெல்லையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் ஈயத்தோடு சேர்த்துத் தடவினால், கணக்குக்கு அடங்காமல் நல்ல அயனிக்கற்றை கிடைக்கிறது. புவியியலாளர்கள் பல பத்தாண்டுகளாக இதை நம்பித்தான் பாறைகளுக்கு வயது சொல்லி வருகிறார்கள்.

இந்த முறையின் பலம் அதன் பிடிவாதத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் அயனியாக்காது. ஆர்கான் வராது, நைட்ரஜன் வராது. ஸ்ட்ரான்சியம்-87-க்கு எதிரியான ரூபிடியம்-87-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் நிறையும் 86.9089, 86.9092. பிரிக்க வேண்டுமென்றால் கருவிக்குக் கிட்டத்தட்ட மூன்று லட்சம் பிரிதிறன் (நிறையை நிறை வித்தியாசத்தால் வகுத்த எண்) வேண்டும், அந்த வேலைக்கான கருவிகள் இந்தப் பக்கமே வராது. ஆனால் ரூபிடியம் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். பிசின் நிரப்பிய குழாயில் வடித்துப் பெரும்பகுதி ரூபிடியத்தை முதலிலேயே கழித்துவிட்டு, இழையை மெல்லச் சூடாக்கிக்கொண்டு போனால், மிச்சமிருக்கும் ரூபிடியம் எரிந்து தீர்ந்த பிறகு ஸ்ட்ரான்சியம் வர ஆரம்பிக்கும். அவசரப்படாமல் உட்கார்ந்து 85-ஐப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரூபிடியம்-85 மறைந்தால் 87-ம் மறைந்துவிட்டது என்று அர்த்தம்.

விலை? நேரம்தான். ஒரு மாதிரிக்கு மணிக்கணக்கில் ஆகும், அதற்கு முன் வேதியியல் பிரிப்புக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ போகும். அப்புறம் லேசான ஐசோடோப்பு முதலில் ஆவியாகும் என்பதால், அளக்க அளக்க விகிதம் மெல்ல நகரும். ஸ்ட்ரான்சியத்தில் 86-க்கும் 88-க்கும் உள்ள விகிதம் 0.1194 என்று ஒப்பந்தமாக வைத்துக்கொண்டு இந்த நகர்வைத் திருத்துகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாறைக்கு வயது காண இந்த ஒப்பந்தம் போதும். உண்மையான அணு நிறை வேண்டுமென்றால் போதாது, விகிதத்தை நாமே வைத்துக்கொண்டு விகிதத்தைக் கண்டுபிடித்தேன் என்று சொல்வதாகிவிடும். அதற்குத் தனித்தனியாகச் செறிவூட்டிய ஐசோடோப்புகளை வாங்கித் தெரிந்த அளவில் கலந்து, அந்தக் கலவையை அளந்து கருவியின் சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டும். தெரிந்த அளவு என்றால்? தராசில் நிறுத்துத்தான். ரிச்சர்ட்ஸை விட்டு எங்கும் போய்விட முடியவில்லை.

பிளாஸ்மாவில் போட்டு எல்லாவற்றையும் உரிப்பது

"ஐசிபி" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆர்கான் வாயுவை ரேடியோ அலையால் ஏழாயிரம் கெல்வின் அளவுக்குச் சூடாக்கி, அந்தச் சுவாலைக்குள் கரைசலைப் பனித்துளியாகத் தெளிக்கிறார்கள். நீர் ஆவியாகி, உப்பு உடைந்து, அணுவாகி, அயனியாகி, ஒரு மில்லிமீட்டர் அளவிலான துளை வழியே வெற்றிடத்துக்குள் உறிஞ்சப்படுகிறது. 1980-ல் ராபர்ட் ஹவுக், வெல்மர் ஃபாசல், ஆலன் கிரே முதலானோர் இதை, அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறைமானியோடு இணைத்து வெளியிட்டார்கள். இன்றைக்கு ஒரே ஓட்டத்தில் பத்திருபது தனிமங்களை அளப்பது சாதாரணமாகிவிட்டது.

ஆர்கானின் விலை 15.76. அதற்குக் கீழே விலை சொல்லும் தனிமங்கள் பெரும்பாலானவை இந்தச் சூட்டில் எலக்ட்ரானை விட்டுவிடும். உலோகங்களில் முக்கால்வாசிக்கு மேல் நூற்றில் தொண்ணூறுக்கும் மேல் அயனியாகிவிடும். ஆர்சனிக் பாதியளவு. 17.42 கேட்கும் புளூரின் போன்றவை கையை விரித்துவிடும். ஹாஃப்னியம், டங்ஸ்டன் மாதிரி சூடான இழையில் மல்லுக்கட்டும் தனிமங்களெல்லாம் இங்கே சர்வசாதாரணமாக வரும். வேகமும் அதிகம், ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்கள்.

ஆனால் எல்லோரையும் உள்ளே விடும் வாசலில் எல்லோரும் வருவார்கள். நான் முதன்முதலில் இந்தக் கருவியில் இரும்பே போடாத வெறும் நைட்ரிக் அமிலக் கரைசலை விட்டு 56-ஐப் பார்த்தபோது, இரும்பு மலைபோல் எழுந்து நின்றது. குடுவை அழுக்கு என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கழுவினேன். கழுவிக் கழுவிக் கை ஓய்ந்த பிறகுதான் புரிந்தது: அது இரும்பு இல்லை, ஆர்கான்-40-ம் ஆக்சிஜன்-16-ம் சேர்ந்த கூட்டாளி. 40-ம் 16-ம் 56. ஆர்கான் சுவாலையிலிருந்து, ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து. இரண்டையும் நிறுத்திவிட்டு இந்தக் கருவியை ஓட்டவே முடியாது.

கூர்ந்து பார்த்தால் இரும்பு-56-ன் நிறை 55.935, கூட்டாளியின் நிறை 55.957. அணுக்கருக்கள் தங்களைக் கட்டிப்பிடித்து வைக்கச் செலவிட்ட ஆற்றல் வேறுபடுவதால் வரும் வித்தியாசம் இது. 2,500 அளவு பிரிதிறன் இருந்தால் பிரித்துவிடலாம். இல்லையென்றால் அயனிக்கற்றையை ஹீலியம் நிரம்பிய சிறு அறைக்குள் விடலாம். ஆர்கான் ஆக்சைடு உருவத்தில் பெரியது, அதிகமாக மோதி வேகம் இழக்கும். வெளியே போகும் வாசலில் ஒரு மின்னழுத்தத் தடுப்பு வைத்தால் தளர்ந்தவை நின்றுவிடும், இரும்பு தாண்டிவிடும்.

அப்புறம் அந்தப் பேரியம். பாறைக் கரைசலில் பேரியம் நிறைய இருக்கும். இரண்டாவது எலக்ட்ரானுக்கு 10 எலக்ட்ரான் வோல்ட்தான் கேட்கிறது என்று பார்த்தோம், ஆர்கான் சுவாலை அதைச் சுலபமாகக் கொடுத்துவிடும். பேரியம்-138 இரட்டைச் சுமையோடு 69-ல் போய் காலியம்-69-ன் மேல் உட்காரும். இதற்கு வழி, காலியம்-71-ஐ அளப்பதுதான். தனிமத்துக்கு இன்னொரு ஐசோடோப்பு இருப்பது இந்த மாதிரி நேரத்தில் எவ்வளவு பெரிய வசதி!

ஸ்ட்ரான்சியத்துக்கு இழையா, பிளாஸ்மாவா என்று கேட்டால், எண்ணிக்கைதான் முடிவு செய்யும். நூறு மாதிரிகளில் பெரிய வேறுபாடுகளைத் தேடுகிறீர்களா? பிளாஸ்மா. ரூபிடியத்தை 85-ஐ வைத்துக் கணக்கால் கழிக்க வேண்டியிருக்கும், ஆர்கானில் மாசாகக் கலந்திருக்கும் கிரிப்டான் 84-லும் 86-லும் வந்து நிற்கும், அதையும் கழிக்க வேண்டும். கழித்துக் கழித்துக் கிடைக்கும் எண்ணில் ஆறாவது தசம இடத்தை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. பத்தே மாதிரிகள், வேறுபாடு ஆறாவது இடத்தில் என்றால் இழைதான். பல சேகரிப்பிகள் கொண்ட பிளாஸ்மாக் கருவி வைத்திருப்பவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

பாறையின் ஒரு புள்ளியை மட்டும் அளக்க வேண்டுமென்றால் இரண்டும் சரிப்படாது. அயனிக்கற்றையால் பரப்பைக் கொத்தி, அங்கிருந்து தெறிக்கும் அயனிகளைப் பிடிக்கும் "சிம்ஸ்" வேண்டும். சிர்கான் என்ற கனிமத்தின் மணி ஒன்றில் சில பத்து மைக்ரான் அகலப் புள்ளியிலிருந்து யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து, அதற்கு 440 கோடி ஆண்டு வயது என்று 2001-ல் அறிவித்தது இந்த வழியில்தான்.

பறிப்பதற்குப் பதில் கொடுப்பது

அயனி என்றாலே எலக்ட்ரானை எடுப்பது என்று பழகிவிட்டோம். கொடுத்தாலும் அயனிதான். குளோரின் அணு ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு 3.61 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கும். சோடியத்திடமிருந்து எலக்ட்ரானை எடுக்க 5.14 செலவு. இரண்டு தனி அணுக்களுக்குள் இந்தக் கொடுக்கல் வாங்கல் 1.53 நஷ்டத்தில்தான் முடியும். நேரும் எதிரும் நெருங்கி உப்புப் படிகமாக அடுக்கி நிற்கும்போது கிடைக்கும் ஈர்ப்பு ஆற்றல்தான் அந்த நஷ்டத்தை ஈடுகட்டுகிறது. சோடியம் "மகிழ்ச்சியாக" எலக்ட்ரானைத் தானம் செய்கிறது என்று பாடம் நடத்துவது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

எதிர் அயனியின் அருமை கார்பன்-14-ல் தெரியும். உயிருள்ளவற்றில் ஒரு லட்சம் கோடி கார்பன் அணுவுக்கு ஒன்று என்ற அளவில்தான் அது இருக்கிறது. காற்றில் முக்கால் பங்கு நைட்ரஜன்-14. நிறைகள் 14.00324, 14.00307. நேர் அயனியாக்கினால் நைட்ரஜன் வெள்ளத்தில் கார்பன் காணாமல் போய்விடும். ஆனால் நைட்ரஜன் அணுவுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் அது வைத்துக்கொள்ளாது, நிலையான எதிர் அயனி கிடையவே கிடையாது. கார்பன் வைத்துக்கொள்ளும். 1977-ல் இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் முடுக்கி வழியாகக் கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் முறை வந்தது. மாதிரியைச் சீசியம் அயனியால் கொத்தி, கார்பனை எதிர் அயனியாக வெளியே இழுக்கிறார்கள். எதிரி வாசலிலேயே ஒழிந்தான்.

ஹைட்ரஜன் ஒட்டிய கார்பன்-13, கார்பன்-12 மூலக்கூறுகள் 14-ல் இன்னும் நிற்கும். அவற்றைப் பல லட்சம் வோல்ட்டில் முடுக்கி, மெல்லிய வாயுவின் ஊடே ஓடவிட்டு, மூன்று எலக்ட்ரான்கள் பற்றாக்குறையாகும் வரை உரித்தால், மூலக்கூறு சிதறிவிடும். தனிக் கார்பன் அணு தாங்கிக்கொள்ளும். முதலில் கொடுப்பது, பிறகு பிடுங்குவது. ஒரே அளவீட்டில் இரண்டு அயனியாக்கம், இரண்டும் இரண்டு வெவ்வேறு எதிரிகளுக்காக.

ரீனியமும் ஆஸ்மியமும்

முடிவெடுக்கும் விதத்தைக் காட்ட இந்த ஜோடியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ரீனியம்-187 மிக மெதுவாகச் சிதைந்து ஆஸ்மியம்-187 ஆகிறது. சிதைவில் வெளிவரும் ஆற்றல் சுமார் 2,500 எலக்ட்ரான் வோல்ட்தான். அப்படியென்றால் இரண்டு அணுக்களின் நிறை வித்தியாசம் ஓர் அலகில் பத்து லட்சத்தில் மூன்று பங்குகூட இல்லை. காந்தத்தால் பிரிக்க ஏழு கோடி பிரிதிறன் வேண்டும். அதை மறந்துவிடலாம்.

உங்கள் கேள்வி "இந்தப் பாறையில் ஆஸ்மியம்-187 எத்தனை பங்கு?" என்றால், சூடான இழையில் எதிர் அயனி. ஆஸ்மியம் 8.44 கேட்கும் ஆள், நேர் அயனியாக வருவதற்கு ரொம்பவே அடம்பிடிக்கும். ஆனால் பிளாட்டினம் இழையில் பேரியம் உப்போடு வைத்துச் சூடாக்கினால், மூன்று ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு எதிர் அயனியாகக் கிளம்பும். ரீனியம் பெரும்பாலும் நான்கு ஆக்சிஜனோடு கிளம்பும். ஒன்று 235-ல், மற்றது 251-ல். ஏழு கோடி பிரிதிறன் கேட்ட ஜோடி 16 அலகு தள்ளிப் போய் நிற்கிறது.

உங்கள் கேள்வி "இரண்டு அணுக்களின் நிறை வித்தியாசம் சரியாக எவ்வளவு?" என்றால் வழி நேரெதிர். ஒன்றிரண்டு எலக்ட்ரான் போதாது, 29-ஐப் பறிக்க வேண்டும். அயனியை அடைத்து வைக்கும் காந்தப் பொறிக்குள் அது சுற்றும் வேகம் அதன் சுமையோடு சேர்ந்து ஏறும், வேகம் ஏற ஏற அளவீடு நுணுக்கமாகும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உள்ள பென்டாட்ராப் என்ற அத்தகைய பொறியில் இரண்டு தனிமங்களையும் இப்படி 29 எலக்ட்ரான் குறைந்த அயனிகளாக்கித்தான் ஒப்பிட்டார்கள். நான் முன்பு தள்ளிப்போட்ட பிணைப்பு ஆற்றல் திருத்தம் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். பறித்த 29 எலக்ட்ரான்களின் பிணைப்பு ஆற்றல் இரண்டு தனிமங்களுக்கும் எவ்வளவு வேறுபடுகிறது என்று கோட்பாட்டாளர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தால்தான் விடை முழுமையாகும். இதே பொறியில் 2020-ல் இன்னொன்றும் கண்டார்கள்: ரீனியம் அயனிகளில் சில மற்றவற்றைவிட 202 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் கனமாக இருந்தன. மாசு இல்லை, வேறு ஐசோடோப்பும் இல்லை. உள்ளே ஓர் எலக்ட்ரான் கிளர்ந்த நிலையில் மாட்டிக்கொண்டிருந்தது, அதன் ஆற்றல் நிறையாகத் தெரிந்திருக்கிறது.

இழை வழியைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஒரு வார்த்தை. ரீனியமும் கொஞ்சம் மூன்று ஆக்சிஜனோடு வரும், 235-ல் ஆஸ்மியத்தின் மேல் உட்காரும். அதனால் 233-ஐப் பார்த்துக்கொண்டே இருங்கள். ரீனியம்-185 மூன்று ஆக்சிஜனோடு அங்கேதான் நிற்கும், ஆஸ்மியத்துக்கு அங்கே ஆள் கிடையாது. 233 அடங்கும் வரை எண்ண ஆரம்பிக்காதீர்கள்.